போன்ல உளவு ஆப் இருக்கானு எப்படி கண்டுபிடிக்கிறது? கோட் அடிச்சா ஏதோ நம்பர் வருது, பயமா இருக்கு

மழைக்கிளி:

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவ நான், எழுதறது இதான் முதல் தடவை.

நானும் வீட்டுக்காரரும் ரெண்டு மாசமா தனித்தனியா இருக்கோம். அதுக்கான காரணம் இங்க வேணாம். போன வாரம் போன்ல பேசும்போது, நான் என் ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்அப்ல எழுதின ஒரு வரிய வார்த்தை மாறாம அப்படியே சொல்றார். அவ போய் சொல்லியிருப்பாளோன்னு நினைக்கவே வழி இல்ல, அவளுக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. சரி ஏதோ குத்துமதிப்பா சொல்லிட்டார்னு விட்டுட்டேன். அப்புறம் சனிக்கிழமை யார்கிட்டயும் சொல்லாம ஒரு இன்டர்வியூவுக்கு போயிட்டு வந்தேன், அன்னிக்கு ராத்திரியே "இன்னிக்கு ரொம்ப தூரம் அலைச்சல் போலருக்கே"ன்னு மெசேஜ். கை கால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு.

ஆண்ட்ராய்டு போன், மூணு வருஷம் ஆகுது, வாங்கினப்ப செட் பண்ணிக் கொடுத்ததே அவர்தான். இப்ப கொஞ்ச நாளா சூடாகுது, சார்ஜ் மதியத்துக்குள்ள பாதி போயிடுது. ஒரு வீடியோல சொன்னாங்கன்னு *#21# அடிச்சேன், எல்லாத்துக்கும் ஃபார்வர்டு ஆகலன்னு வந்துச்சு. *#62# அடிச்சா எனக்கு தெரியாத ஒரு நம்பர் வருது!! அப்ப என் கால் எல்லாம் அங்க போகுதா? யாரோ கேட்டுட்டு இருக்காங்களா? ஒரு ஆன்ட்டி ஸ்பை ஆப் இறக்கி ஸ்கேன் பண்ணேன், பதினேழு பிரச்சனை இருக்கு, காசு கட்டினா சரி பண்றேன்னு சொல்லுது. கட்டலாமா வேணாமா?

கருப்புத்திரை:

பேக்டரி ரீசெட் அடிங்க, பாஸ்வேர்டு மாத்துங்க, முடிஞ்சது. இதுக்கு போய் இவ்ளோ யோசிக்கணுமா.

பழையபோர்டு:

ரீசெட்ட கொஞ்சம் நிறுத்தி வைம்மா, அவசரம் வேணாம், ஏன்னு கீழ சொல்றேன். பத்து வருஷத்துக்கு மேல போன் ரிப்பேர் பண்றவன் நான், "என் போன்ல யாரோ இருக்காங்க"ன்னு வர்றவங்கள நிறைய பார்த்திருக்கேன்.

முதல்ல அந்த நம்பர். *#21#, *#62# இதெல்லாம் ஸ்பைவேர் கண்டுபிடிக்கிற கோடே கிடையாது, கால் ஃபார்வர்டிங் நிலவரம் மட்டும்தான் காட்டும். 62ன்னா போன் ஸ்விட்ச் ஆஃப்லயோ டவர் இல்லாமலோ இருக்கும்போது வர்ற கால் எங்க போகணும்னு அர்த்தம், அங்க வர்ற நம்பர் பெரும்பாலும் சிம் கம்பெனியோட வாய்ஸ்மெயில் இல்லன்னா மிஸ்டு கால் அலர்ட் நம்பர். அதை பார்த்து பயந்து வந்தவங்களே எத்தனையோ பேர். கஸ்டமர் கேர்ல கேட்டா இது எங்க நம்பர்தானான்னு சொல்லிடுவாங்க. 21ல தெரியாத நம்பர் வந்தா மட்டும் நிஜமாவே கவலைப்படணும், ஏன்னா எல்லா காலும் மணி அடிக்காமலே அங்க போயிடும், கால்ல சொல்ற ஓடிபியும் சேர்த்து. உனக்கு அது இல்லன்னு வந்துச்சு, நல்லது. யாருக்காவது வந்துச்சுன்னா ##002# அடிச்சா எல்லா ஃபார்வர்டிங்கும் போயிடும்.

அந்த ஆன்ட்டி ஸ்பை ஆப்புக்கு காசு கட்டாதே, தூக்கிடு. பதினேழுன்னு காட்டறது எல்லாம் பயமுறுத்தற வேலை. இந்த பயத்துல காசு பார்க்கறவன் ஒருத்தன், இன்னும் மோசமானவன் அந்த ஆப்பையே உளவு ஆப்பா வச்சிருப்பான்.

சூடு, சார்ஜ் இறங்கறது, இதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மூணு வருஷ பேட்டரி தேஞ்சுதான் போயிருக்கும். இப்ப விக்கிற உளவு ஆப் பலது சத்தமே இல்லாம கிடக்கும், நீ சந்தேகப்படற அளவுக்கு சார்ஜ் குடிச்சா அது மட்டமான ஆப்னு அர்த்தம்.

இப்ப முக்கியமானது. என்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல போன்ல எந்த ஆப்பும் இருக்காது. அவங்க அக்கவுண்ட் இன்னொருத்தர் கையில இருக்கும், அவ்ளோதான். போனை செட் பண்ணிக் கொடுத்தவர் அவர்னா ஜிமெயில் பாஸ்வேர்டு அவருக்கு தெரியும், ஸ்க்ரீன் லாக் நம்பர் தெரியும், அவரோட விரல் ரேகையே உன் போன்ல ஏறி இருக்கலாம், அதை யாரும் பார்க்கறதே இல்ல. அதனால ஆப் தேடறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ்னு இருக்கும், அதை திற. ஒரு வாட்ஸ்அப்ல நாலு டிவைஸ் வரைக்கும் இணைக்கலாம். ஒரு தடவை க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டா உன் போன் ஆஃப்ல இருந்தாலும் அந்தப் பக்கம் மெசேஜ் போயிட்டே இருக்கும், நீ போனை பதினாலு நாள் தொடாம வச்சாதான் தானா வெளிய வரும், யார் பதினாலு நாள் தொடாம இருக்கா. உன் மெசேஜ அப்படியே சொல்றார்னு நீ எழுதினப்பவே எனக்கு இதுதான் தோணுச்சு.

ரெண்டாவது கூகுள் அக்கவுண்ட். செக்யூரிட்டி பக்கத்துல உங்கள் டிவைஸ்கள்னு வரும், எந்தெந்த போன், கம்ப்யூட்டர்ல உன் அக்கவுண்ட் திறந்திருக்குன்னு தெரியும். மேப்ஸ்ல உன் படத்தை தொட்டா லொகேஷன் ஷேரிங்னு ஒண்ணு இருக்கும், அதுல யார் பேராவது இருக்கா பாரு. சனிக்கிழமை கதைக்கு பதில் அங்கயே இருக்கலாம்.

பாரு, ஆனா எதையும் இப்ப அழிக்காதே. பார்த்துட்டு இங்க வந்து சொல்லு.

தூக்கம்வராதவன்:

எல்லாரும் சின்ன விஷயமா பேசறீங்க. பெகாசஸ்னு அந்த பெரிய உளவு சாஃப்ட்வேர் மாதிரி இருந்தா? லிங்க் கூட தொட வேணாம், மிஸ்டு கால்லயே ஏறிடும், அதை எந்த செட்டிங்ஸ்லயும் பார்க்க முடியாதே. எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம், நான் எதைப் பத்தி பேசினாலும் அதே பொருளுக்கு விளம்பரம் வருது.

பழையபோர்டு:

தம்பி நீ சொல்ற மிஸ்டு கால் கதை நிஜம், மறுக்கல. 2019ல வாட்ஸ்அப் கால்ல இருந்த ஓட்டை வழியா சுமார் 1400 பேர் போனுக்கு பெகாசஸ் அனுப்பினாங்க, கால எடுக்கவே தேவை இல்ல. அதுக்காக வாட்ஸ்அப், பெகாசஸ செஞ்ச என்எஸ்ஓ கம்பெனி மேல கேஸ் போட்டாங்க. அதுக்கு முன்னாடி 2016லயே அமீரகத்து மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூர் தனக்கு வந்த லிங்க்க தொடாம, இந்த மாதிரி உளவு வேலைய ஆராயற சிட்டிசன் லேபுக்கு அனுப்பினதாலதான் பெகாசஸ் முதல் தடவை வெளிச்சத்துக்கே வந்துச்சு, ஆப்பிள் உடனே ஐஓஎஸ் 9.3.5 விட்டு மூணு ஓட்டைய அடைச்சாங்க. ஆனா அது அரசாங்கங்களுக்கு விக்கிற சாமான். பத்திரிகைக்காரங்க, வக்கீலுங்க, அரசியல்வாதிங்க மேல ஏவறது. தனியா போன பொண்டாட்டி எங்க போறான்னு பார்க்க ஒருத்தர் அதை வாங்க முடியாது, அவருக்கு விக்கவும் மாட்டாங்க.

அந்த மாதிரி ஆபத்து நிஜமாவே இருக்கிற வேலை பண்றவங்களுக்கு மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டிக்காரங்க 2021ல எம்விடின்னு ஒரு டூல் வெளியிட்டாங்க. போனோட பேக்கப்ப கம்ப்யூட்டர்ல வச்சு, தெரிஞ்ச தடயங்களோட ஒப்பிட்டுப் பார்க்கும். கருப்பு ஸ்க்ரீன்ல கமாண்ட் அடிக்கத் தெரியணும், அதுவும் ஐபோன்ல தடயம் கிடைக்கிற அளவுக்கு ஆண்ட்ராய்டுல கிடைக்காது. போனை வாரத்துக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு அமெரிக்காவோட உளவு அமைப்பு என்எஸ்ஏவே 2020ல சொல்லியிருக்கு, இந்த ரகத்துல சிலது மெமரில மட்டும் உட்கார்ந்திருக்கும், ரீஸ்டார்ட்ல போயிடும். போனா திரும்ப ஏத்த மாட்டானான்னு கேட்டா, ஏத்துவான். அவன் வேலைய கொஞ்சம் கஷ்டமாக்கறோம், அவ்ளோதான்.

விளம்பரம் வர்றது வேற கதை. நீ தேடினது, நீ இருந்த இடம், உன் பக்கத்துல இருந்தவன் தேடினது, இதை வச்சே அவன் கணிச்சிடுவான். மைக் சந்தேகம் இருந்தா ஆண்ட்ராய்டு 12லேர்ந்து பிரைவசி டாஷ்போர்டு இருக்கு, கடைசி 24 மணி நேரத்துல எந்த ஆப் மைக், கேமரா, லொகேஷன் எடுத்துச்சுன்னு நேரத்தோட காட்டும். போய் பாரு, அப்புறமாவது தூங்கு.

ஜன்னலோரம்:

மழைக்கிளி, நான் இதே இடத்துல ரெண்டு வருஷம் முன்னாடி இருந்தேன், அதனால மத்தவங்க சொல்றதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். இதை எந்த போன்ல இருந்து டைப் பண்றீங்க? அந்த போன்லயேன்னா இப்பவே நிறுத்துங்க. ஸ்க்ரீன படிக்கிற ஆப் இருந்துச்சுன்னா நீங்க இங்க எழுதறது, நாங்க சொல்ற பதில், எல்லாமே அந்தப் பக்கம் போயிட்டு இருக்கும். நம்பகமான ஒருத்தர் போனோ ஆபீஸ் கம்ப்யூட்டரோ எடுத்து எழுதுங்க. அவர் கை படாத டிவைஸா இருக்கணும்.

ரீசெட் அடிங்கன்னு ஈஸியா சொல்லிடறாங்க. நான் அடிச்சேன். அடிச்ச மறுநாள் காலைல வாசல்ல வந்து நின்னார், ஏன்னா அதுவரைக்கும் ஓடிட்டு இருந்தது திடீர்னு நின்னுபோச்சு, எனக்கு தெரிஞ்சிடுச்சுன்னு அவருக்கு புரிஞ்சிடுச்சு. நல்லவேளை அன்னிக்கு வீட்ல அண்ணன் இருந்தான். இதுல இன்னொரு நஷ்டம், போலீஸ் கிட்ட காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல, எல்லாத்தையும் என் கையாலயே அழிச்சிருந்தேன்.

அதனால எது கண்ணுல பட்டாலும் முதல்ல இன்னொரு போனால அந்த ஸ்க்ரீன படம் எடுங்க, தேதி நேரம் தெரியற மாதிரி. அதே போன்ல ஸ்க்ரீன்ஷாட் வேணாம், கேலரிய பார்க்கற ஆப்பா இருந்தா அதுவும் போயிடும். அப்புறம் என்னிக்கு துண்டிக்கிறது, அன்னிக்கு யார் கூட இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு கை வைங்க. அவர் கோபக்காரரா, கை ஓங்கினவரா, இதெல்லாம் இங்க எழுத வேணாம், உங்க மனசுல பதில் சொல்லிக்கோங்க.

சும்மாவந்தேன்:

கேக்கறேன்னு தப்பா எடுக்காதீங்க. நானே என் பையன் போன்ல அந்த மாதிரி ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், அவனுக்கு தெரியாது. பதினஞ்சு வயசு, யார் யார்கிட்ட பேசறான்னு பெத்தவன் பார்க்கறதும் ஸ்பைவேரா?

ஜன்னலோரம்:

தெரியாம வச்சா அதுக்கு பேர் அதுதான் சார். உங்க நோக்கத்த விடுங்க, அந்த ஆப் என்ன பண்ணுதுன்னு யோசிச்சீங்களா? உங்க பையனோட மெசேஜ், போட்டோ, அவன் எங்க நிக்கிறான்னு எல்லாத்தையும் முகம் தெரியாத ஒரு கம்பெனியோட சர்வர்ல கொண்டு போய் கொட்டுது. லெட்மீஸ்பைன்னு இதே மாதிரி ஒரு ஆப் இருந்துச்சு, 2023 ஜூன்ல எவனோ உள்ள புகுந்து மொத்த டேட்டாவையும் அள்ளிட்டான், அந்த ஆகஸ்ட்லயே கம்பெனிய மூடிட்டாங்க. பிசிடாட்டில்டேல்னு இன்னொண்ணு, 2024 மே மாசம் இதே மாதிரி உடைஞ்சு மூடுவிழா. ஸ்பைஃபோன்னு ஒரு கம்பெனிய 2021ல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு எஃப்டிசி இந்த தொழிலே பண்ணக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. இவங்க கிட்டதான் உங்க பிள்ளை வாழ்க்கைய ஒப்படைச்சிருக்கீங்க.

பார்க்கணும்னா கூகுள் ஃபேமிலி லிங்க் மாதிரி அவனுக்கே தெரியற மாதிரி இருக்கறத போடுங்க. பிளே ஸ்டோர்லயே 2020லேர்ந்து விதி மாறிடுச்சு, பெத்தவங்க பார்க்கற ஆப்பா இருந்தாலும் ஒளிஞ்சிருக்கக் கூடாது, ஓடுதுன்னு நோட்டிஃபிகேஷன் காட்டிட்டே இருக்கணும். நீங்க போட்டது பிளே ஸ்டோர்ல இருந்து வந்திருக்காதே, வெப்சைட்ல இருந்து ஏபிகேன்னு ஆப் ஃபைல நேரடியா இறக்கி, நடுவுல கெட்ட ஆப்ப ஸ்கேன் பண்ணிப் பிடிக்கிற பிளே புரொடெக்ட ஆஃப் பண்ணச் சொல்லியிருப்பாங்களே?

சும்மாவந்தேன்:

ஆமா ஆஃப் பண்ணச் சொன்னாங்க. சரி எடுத்துடறேன். அவன்கிட்ட எப்படி சொல்றதுன்னுதான் தெரியல.

நீலப்பூனை:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், இதை படிச்சிட்டு என் போனையும் நோண்டினேன். ஆப் லிஸ்ட்ல சிங்க் சர்வீஸ்னு ஒண்ணு இருக்கு, பல் சக்கரம் மாதிரி ஐகான், ஹோம் ஸ்க்ரீன்ல காணோம். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா இருக்கு, அழுத்த முடியல. பிளே புரொடெக்ட்டும் ஆஃப்ல இருக்கு, நான் ஆஃப் பண்ணவே இல்ல. இது சிஸ்டம் ஆப்பா இல்ல வேற ஏதாவதா?

பழையபோர்டு:

பிளே புரொடெக்ட் தானா ஆஃப் ஆகாது. உன் போன் யார் கையில கொஞ்ச நேரம் திறந்து கிடந்துச்சுன்னு யோசி, பத்து நிமிஷம் போதும் இதை ஏத்த.

இந்த மாதிரி ஆப் எல்லாம் சிங்க், வைஃபை, சிஸ்டம் சர்வீஸ், டிவைஸ் ஹெல்த்னு நம்மாளு தொடப் பயப்படற பேரா பார்த்து வச்சுக்கும். ஹோம் ஸ்க்ரீன்ல இருந்து ஒளிஞ்சுக்கலாம், ஆனா செட்டிங்ஸ்ல எல்லா ஆப்பும்னு திறந்தா அதுல ஒளியறது கஷ்டம். சந்தேகம் வந்தா அந்த ஆப்ப திறந்து கடைசி வரைக்கும் இறங்கிப் பாரு, பிளே ஸ்டோர்ல இருந்து வந்திருந்தா அதை சொல்லும். கம்பெனி ஏத்தின சிஸ்டம் ஆப் எஸ்எம்எஸ், மைக், லொகேஷன் மூணையும் சேர்த்து கேக்கறதும் அபூர்வம்.

மங்கலா இருக்குன்னா பெரும்பாலும் டிவைஸ் அட்மின்னு போனையே நிர்வகிக்கிற உரிமை வாங்கி உட்கார்ந்திருக்கு. ஸ்பெஷல் ஆப் அக்சஸ்னு ஒரு பக்கம், போனுக்கு போன் இடம் மாறும், செட்டிங்ஸ்ல மேல தேடற பெட்டில டிவைஸ் அட்மின்னு அடிச்சா கொண்டு போய் விடும். அங்க அதை டீஆக்டிவேட் பண்ணாதான் அன்இன்ஸ்டால் பட்டன் உயிர் பெறும். உள்ள போகும்போதே வெளிய தள்ளி விடுதுன்னா சேஃப் மோட்ல போனை போடு, பவர் ஆஃப் பட்டன அழுத்திப் பிடிச்சா நிறைய போன்ல கேக்கும், அதுல நாம ஏத்தின ஆப் எதுவும் ஓடாது.

அப்படியே அக்சஸிபிலிட்டி பக்கத்தையும் பாரு. என்னைக் கேட்டா ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்குன்னா அதைத்தான் பார்ப்பேன். கண்ணு தெரியாதவங்களுக்கு ஸ்க்ரீன படிச்சுச் சொல்றதுக்காக செஞ்ச வசதி அது, அந்த உரிமை கிடைச்ச ஆப் நீ டைப் பண்றது, படிக்கிறது எல்லாம் பார்க்கும், உனக்கு பதிலா பட்டனும் அழுத்தும். மைக், கேமரா ஓடும்போது ஸ்க்ரீன் மேல வர்ற பச்சை புள்ளி கூட இதுக்கு வராது. நல்ல ஆப் மாதிரி வேஷம் போட்டு பேங்க் காச திருடற ட்ரோஜனுக்கும் இதே வாசல்தான். அடுத்தது நோட்டிஃபிகேஷன் அக்சஸ், வர்ற நோட்டிஃபிகேஷன படிக்கிற உரிமை, வாட்ச் ஆப் மாதிரி நியாயமானதும் அதுல இருக்கும், எல்லாத்தையும் பார்த்து பதறாதே. ஆனா மேல அந்தம்மா சொன்னதை மறக்காதே, முதல்ல படம் எடு, யார் வச்சதுன்னு யோசி, அப்புறம் தூக்கு.

மழைக்கிளி:

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து எழுதறேன். அக்கா சொன்ன மாதிரி ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற பொண்ணோட போன்ல படம் எடுத்துக்கிட்டே பார்த்தோம். அண்ணா, நீங்க சொன்னதுதான். லிங்க்டு டிவைசஸ்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, கடைசியா ஆக்டிவ் நேத்து ராத்திரி பதினொன்னு நாப்பது. என்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாது. பார்த்ததும் அழுகை வந்துடுச்சு, ஆனா ஒரு பக்கம் நிம்மதியாவும் இருந்துச்சு, நான் கற்பனை பண்ணல.

கூகுள்ல எங்க பழைய டேப்லெட் என் அக்கவுண்ட்லயே இன்னும் இருக்கு, அது அவர் வீட்லதான். மேப்ஸ் ஷேரிங்ல யாரும் இல்ல. விரல் ரேகை பக்கத்துல மூணு இருக்கு, ரெண்டுதான் என்னோடது. அக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின் ரெண்டுலயும் புதுசா ஒண்ணும் இல்ல, பிளே புரொடெக்ட் ஆன்ல இருக்கு, ஸ்கேன்லயும் ஒண்ணும் வரல.

*#62# நம்பர கஸ்டமர் கேர்ல கேட்டேன், வாய்ஸ்மெயில்தானாம். அதுக்கா ஒரு ராத்திரி பூரா தூங்காம இருந்தேன்னு இருக்கு.

ஆனா மேப்ஸ்ல யாரும் இல்லைன்னா சனிக்கிழமை நான் போனது எப்படி தெரியும்?

பழையபோர்டு:

அந்த டேப்லெட்தான். உன் அக்கவுண்ட் அதுல திறந்திருந்தா தொலைஞ்ச போனை கண்டுபிடிக்கிற வசதிய திறந்து உன் போன் எங்க இருக்குன்னு பார்க்கலாம், தனியா யாருக்கும் ஷேர் பண்ணத் தேவையே இல்ல. அது போக ஜிமெயில்ல உன் இன்டர்வியூ லெட்டரே இருந்திருக்குமே, இடம், நேரம் எல்லாம் போட்டு? கூகுள் போட்டோஸ்ல நீ எடுக்கற படமும் போகும். குரோம்ல பாஸ்வேர்டு சேவ் பண்ற பழக்கம் இருந்தா உன் மத்த பாஸ்வேர்டு அத்தனையும் அந்த டேப்லெட்ல உட்கார்ந்திருக்கும். உளவு ஆப்னு ஒண்ணு எதுக்கு, சாவியே அவர் கையில இருக்கு.

நாள் முடிவு பண்ணினதும் வரிசையா பண்ணு. முதல்ல போன்ல ஸ்க்ரீன் லாக் மாத்தி அந்த மூணாவது ரேகைய தூக்கு, இல்லன்னா நீ மாத்தற எதுக்கும் அர்த்தம் இல்ல. அப்புறம் வேற கம்ப்யூட்டர்ல இருந்து கூகுள் பாஸ்வேர்ட மாத்து, மாத்தின கையோட ரெக்கவரி போன் நம்பர், ரெக்கவரி மெயில் யாரோடதுன்னு பாரு, செட் பண்ணிக் கொடுத்தவர் தன்னோடத போட்டிருப்பார், அதை விட்டா பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு சொல்லி திரும்ப உள்ள வந்துடுவார். டேப்லெட்ட சைன் அவுட் பண்ணு, பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு கேக்கற டூ ஸ்டெப் போடு. ஜிமெயில கம்ப்யூட்டர்ல திறந்து செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டும் பாரு, வர்ற மெயில் எல்லாம் சத்தமில்லாம வேற மெயிலுக்கு காப்பி போற மாதிரி போட்டு வைக்கலாம், பாஸ்வேர்டு மாத்தினாலும் அது நிக்காது. வாட்ஸ்அப் லாக் அவுட்ட கடைசில வை, அதுதான் அவருக்கு உடனே தெரியப் போறது. பேங்க், மத்த ஆப் பாஸ்வேர்டு எல்லாம் அதே நாள் சாயங்காலத்துக்குள்ள.

உன் விஷயத்துல ரீசெட் தேவையே இல்லன்னு நினைக்கிறேன். பாரு, ரீசெட் அடிச்சிட்டு அதே கூகுள் அக்கவுண்ட்ல திரும்ப உள்ள போயிருந்தா டேப்லெட் அப்படியே ஓடிட்டே இருந்திருக்கும், போன் சுத்தமாயிடுச்சுன்னு நீ நம்பிட்டு இருந்திருப்ப.

கருப்புத்திரை:

சரி ஒத்துக்கறேன், நான் அவசரப்பட்டுட்டேன். ஐபோன்ல இதெல்லாம் வராதுதானே?

ஜன்னலோரம்:

வரும், வேற வழில. ஐபோன்ல ஜெயில்பிரேக் பண்ணாம, அதாவது ஆப்பிள் போட்ட பூட்ட உடைக்காம, ஒளிஞ்ச ஆப் ஏத்தறது கஷ்டம், அதனால ஐபோன் ஸ்பைன்னு விக்கிற நிறைய சாமான் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்ட வாங்கி ஐகிளவுட் பேக்கப்ப படிக்கிறதுதான், போன்ல எதையும் ஏத்தத் தேவை இல்ல. செட்டிங்ஸ்ல உங்க பேர தொட்டா கீழ டிவைஸ் லிஸ்ட் வரும். ஜெனரல்ல விபிஎன் டிவைஸ் மேனேஜ்மென்ட்னு இருக்கிற இடத்துல ஆபீஸ் போடாத ப்ரொஃபைல், அதாவது போனை வெளியிலேர்ந்து நிர்வகிக்க விடற செட்டிங், இருக்கா பாருங்க. ஃபேஸ் ஐடில இன்னொரு முகம் சேர்க்கற வசதி உண்டு, உங்களுக்கு தெரியாம ஒரு முகம் சேர்ந்திருக்கலாம், அதை ரீசெட் பண்ணி உங்க முகத்த மட்டும் புதுசா ஏத்துங்க.

ஐஓஎஸ் 16லேர்ந்து சேஃப்டி செக்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி நிலைமைல இருக்கறவங்களுக்காகவே கொண்டு வந்தது. யார் யார்கிட்ட என்ன ஷேர் ஆகுதுன்னு ஒவ்வொண்ணா காட்டும், எல்லாத்தையும் ஒரே அடில துண்டிக்கிற எமர்ஜென்சி ரீசெட்டும் அதுலயே இருக்கு. பெகாசஸ் பயம் இருக்கறவங்களுக்குத்தான் லாக்டவுன் மோட், அதுவும் அதே 16ல வந்ததுதான், மத்தவங்களுக்கு போன் பாதி முடங்கின மாதிரி இருக்கும்.

போன் சுத்தமா இருந்தும் நீங்க போற இடம் தெரியுதுன்னா பை, வண்டி சீட்டுக்கு அடியில எல்லாம் ஏர்டேக் மாதிரி, இடத்த காட்டிக் கொடுக்கிற குட்டி டேக் ஏதாவது கிடக்கான்னும் பாருங்க. இப்ப ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுமே தெரியாத டேக் கூடவே வந்தா எச்சரிக்கும், அந்த நோட்டிஃபிகேஷன தள்ளி விட்டுடாதீங்க.

மழைக்கிளி:

வியாழக்கிழமை பண்ணிட்டோம். தம்பி கூட இருந்தான், ஃப்ரெண்டும் வந்திருந்தா. ரெக்கவரி மெயில் அவரோடதுதான் அண்ணா, நீங்க சொல்லலன்னா பார்த்தே இருக்க மாட்டேன். ஃபில்டர் எதுவும் இல்ல. ராத்திரி ஒரு மிஸ்டு கால் வந்துச்சு, எடுக்கல. காலைல "வாட்ஸ்அப்ல ஏதாவது மாத்தினியா"ன்னு மெசேஜ். அதையும் படம் எடுத்து வச்சிருக்கேன், ஒரு வக்கீல்கிட்ட காட்டப் போறேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். டேப்லெட்ட நான் இங்கிருந்தே சைன் அவுட் பண்ணிட்டேன்ல, அப்ப அதுல இருந்த என் போட்டோ, பழைய மெசேஜ் எல்லாம் அழிஞ்சிருக்குமா?

பழையபோர்டு:

இல்லம்மா. இனிமே புதுசா எதுவும் அங்க போகாது, அவ்ளோதான். ஏற்கனவே டவுன்லோடு ஆனது, அவர் எடுத்து வச்ச ஸ்க்ரீன்ஷாட், கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் திறந்து காப்பி பண்ணினது, இதெல்லாம் அவர்கிட்டயே இருக்கும், இங்கிருந்து அழிக்க வழி இல்ல. வக்கீல்கிட்ட போகும்போது அந்த டேப்லெட் விஷயத்தையும் சேர்த்து சொல்லு, உன் அக்கவுண்ட்ல எந்த தேதி வரைக்கும் அது திறந்திருந்துச்சுன்னு நீ எடுத்த படத்துல இருக்கும்.